மேகத்தின் வழியே ஓர் அச்சு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

விஞ்ஞானம் நாள்தோறும் புதுப்புதுச் சொற்களை நமக்கு வழங்கிக்கொண்டிருக்கிறது. அவற்றுள் சில உண்மையில் பழைய சொற்கள். புதுச் சட்டை அணிந்து வருகின்றன. ‘மேகம்’ அத்தகையதொரு சொல். சேர்வராயன் மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மேகம் என்பது ஆடி மாதத்தில் சன்னல் வழியே வீட்டுக்குள் நுழைந்து, கொடியில் காய்ந்த துணியை மீண்டும் ஈரமாக்கிவிட்டுப் போகும் ஒரு விருந்தாளி. கணிப்பொறி நூல்களில் வரும் மேகமோ முற்றிலும் வேறு. எங்கோ ஒரு நகரத்தில், குளிரூட்டப்பட்ட கட்டடத்தில், இரும்பு அலமாரிகளில் அடுக்கப்பட்டிருக்கும் பிறருடைய கணிப்பொறிகளுக்கே அங்கு அப்பெயர். பொறியாளர்கள் படம் வரையும்போது, உள்விவரம் தேவைப்படாத வலைப்பின்னலை ஒரு மேகம் போல வளைத்து வரைந்து விட்டுவிடுவது வழக்கம். அந்தப் படத்திலிருந்தே பெயரும் வந்தது.

ஒரே அறையைப் பலர் பங்கிட்டுக்கொண்டு அலுவலகம் நடத்துகிறார்கள். அங்கே அச்சுப்பொறி ஒன்றுதான் இருக்கிறது. அதனை இந்த மேகத்தின் வழியே எல்லோரும் பயன்படுத்துவது எவ்வாறு, அதில் கவனிக்க வேண்டியவை யாவை என்பதை எனக்குத் தெரிந்த அளவில் இக்கட்டுரையில் கூற விழைகிறேன். ஆசிரியப் பெருமக்கள் குறை கண்டால் திருத்த வேண்டுகிறேன்.

பங்கிட்டு நடத்தும் அலுவலகங்கள் இப்போது பெருகி வருகின்றன. சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் அரசே ‘முதல்வர் படைப்பகம்’ என்ற பெயரில் அத்தகைய இடமொன்றைத் திறந்தது. நான் சொல்லப்போகும் இடத்திற்கு அப்படிப் பெயர்ப்பலகை ஏதும் கிடையாது. ஏற்காட்டுக் கடைவீதியில் ஒரு மாடியறை. காப்பி, மிளகு வியாபாரம் செய்யும் ஒருவரின் கணக்குப்பிள்ளை அங்கே ஒரு மேசையில் அமர்ந்திருப்பார். சுற்றுலாப் பயணிகளுக்கு வீட்டறை பதிவு செய்து தரும் அண்ணன் ஒருவர் இன்னொரு மேசை. மகளிர் சுய உதவிக் குழுக்களின் கணக்கு எழுதும் அக்காவுக்கு வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஒரு மேசை. பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு இங்கிருந்தே வேலை செய்யும் அக்கா நான்காமவர். 2020 ஊரடங்கின்போது வீட்டுக்கு வந்தவர், வீட்டில் சிக்னல் கிடைக்காததால் இங்கு வந்து சேர்ந்தார். வாடகையை நால்வரும் பகிர்ந்துகொள்கிறார்கள். சனி, ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் நான் அங்கே சிறுசிறு வேலை செய்து பேருந்துச் செலவுக்குச் சம்பாதிக்கிறேன். ‘தம்பி பி.எஸ்ஸி. படிக்கிறான்’ என்ற ஒரே காரணத்தால் அச்சுப்பொறி என் பொறுப்பில் விடப்பட்டது. பி.எஸ்ஸி. பாடத்திட்டத்தில் அச்சுப்பொறி இல்லை என்று நான் கூறியதை எவரும் பொருட்படுத்தவில்லை.

பொடியும் மின்னூட்டமும்

இயற்பியல் மாணவன் என்ற முறையில் முதலில் பொறியைப் பற்றிச் சில சொற்கள். செஸ்டர் கார்ல்சன் என்னும் அமெரிக்கர் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் உலர்ந்த முறையில் முதல் நகலை எடுத்தார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டம் பெறச் செய்தார். எழுத்து எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து ஒளியைப் பாய்ச்சினார். ஒளி பட்ட இடத்தில் மின்னூட்டம் கசிந்து போயிற்று. எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் தங்கிற்று. பிறகு லைக்கோபோடியம் செடியின் வித்துத்தூளைத் தூவி ஊதினார். (தாவரவியல் நண்பர்கள் இத்தூளை அறிவார்கள்.) மின்னூட்டம் தங்கிய இடத்தில் தூள் ஒட்டிக்கொண்டது. அதை மெழுகுத்தாளில் ஒற்றி எடுத்தார். இன்று நம் கடைகளில் ‘ஜெராக்ஸ்’ என்று வழங்குவதன் பிறப்பு இதுவே. நகலெடுக்கும் அப்பொறிக்குள் கண்ணாடித் துண்டுக்குப் பதிலாக லேசர் ஒளிக்கற்றையை எழுதுகோலாகப் புகுத்தியவர் கேரி ஸ்டார்க்வெதர். 1971 இல் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் அது நிறைவேறியது.

இவ்வளவும் நிலைமின்னியல். ஆகவே ஈரம் இதற்குப் பகை. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மூடுபனி விலகாது. தாள் என்பது நாரால் ஆனது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரத்தாளில் மின்னூட்டம் கசிந்துவிடுவதால் கரிப்பொடி சரியாகப் படிவதில்லை; எழுத்து வெளிறும். சூடேறிய உருளைகளுக்கிடையே செல்லும்போது ஈரம் ஆவியாகித் தாள் சுருண்டு சிக்கிக்கொள்ளும். பொதுவாக இப்பொறிகளின் கையேடுகள் 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் கூடாது என்கின்றன. அதைப் படித்துவிட்டு வெளியே பார்த்தால் எதிர்க்கடை தெரியாது! தாள்கட்டை உறை பிரிக்காமல் வைத்திருப்பதும், பிரித்த கட்டை அலமாரியில் ஒரு சிறு குண்டு பல்பு எரியவிட்டு அதன் மேல்தட்டில் வைப்பதும் நாங்கள் கண்ட வழி. வெப்பநிலை சற்று உயர்ந்தால் அதே அளவு நீராவிக்கு ஒப்பு ஈரப்பதம் குறையும் என்பது நாம் முதலாண்டில் படித்ததுதான்.

இன்னொன்று. லேசர் அச்சுப்பொறியின் சூடாக்கும் உருளை சில நூறு வாட் மின்சாரத்தைத் திடீரென இழுக்கும். ஆகையால் அதை யு.பி.எஸ். பெட்டியில் இணைக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே கூறுகிறார்கள். மின்தடை அடிக்கடி வரும் மலையில் இதனை மறந்தால் பெட்டிதான் முதலில் போகும்.

கூவி அழைப்பதும் தேடிப் போவதும்

ஓர் அறையில் ஓர் அச்சுப்பொறி. கம்பி இழுத்து இணைத்துவிட்டால் போதாதா, மேகம் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். விடை அங்குள்ள மனிதர்களிடம் இருந்தது. கணக்குப்பிள்ளையிடம் மேசைக் கணிப்பொறி; அதற்குத் தனி இணைப்பு. பெங்களூர் அக்காவின் மடிக்கணினியில் அவருடைய கம்பெனி பூட்டுப் போட்டிருக்கிறது. புதிய மென்பொருள் எதையும் அதில் ஏற்ற இயலாது. வீட்டறை அண்ணனிடம் இருப்பது கைப்பேசி மட்டும். குழு அக்காவோ பாதி நாள் நாகலூர், வெள்ளக்கடை, வாழவந்தி என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார். அங்கிருந்தே அனுப்பிவிட்டு வந்து எடுத்துக்கொள்ள விரும்புவார்.

அருகிலுள்ள அச்சுப்பொறியைக் கைப்பேசி தானாகக் கண்டுபிடிக்கும் முறை ஒன்று உண்டு. ஆப்பிள் கம்பெனியின் ஏர்பிரிண்ட் 2010 முதல் இவ்வகையில் இயங்குகிறது. ‘இங்கே அச்சுப்பொறி யாரும் உண்டா?’ என்று கைப்பேசி தன் வலைப்பின்னலுக்குள் கூவும். பொறி ‘நான் இருக்கிறேன்’ என்று பதில் கூவும். ஆனால் இந்தக் கூவல் தன் வலைப்பின்னலின் சுவரைத் தாண்டாது. அறைக்குள் நான்கு பேர் நான்கு இணைப்பில் இருந்தால், மூன்று அடி தூரத்தில் இருக்கும் பொறியும் வேற்றூரில் இருப்பது போலத்தான். பெரிய கூட்டு அலுவலகங்களில் ஒரு கம்பெனியின் விவரம் இன்னொரு கம்பெனிக்குத் தெரியாதிருக்க இச்சுவர்களை வேண்டுமென்றே எழுப்புகிறார்கள். ஆகவே அங்கும் இதே தொல்லை.

மேக அச்சு இதை வேறு விதமாகத் தீர்க்கிறது. மலைக்கிராமத்துத் தபாலை நினைத்துப் பாருங்கள். தபால்காரர் தினமும் ஏறிவர முடியாத ஊரிலிருந்து, யாராவது ஒருவர் சந்தைக்குப் போகும்போது தபால் நிலையத்தில் நின்று ‘எங்க ஊருக்கு ஏதாச்சும் வந்திருக்கா?’ என்று கேட்டு வாங்கி வருவார். அச்சுப்பொறியும் அதையே செய்கிறது. வெளியிலிருந்து யாரும் அதன் கதவைத் தட்ட முடியாது; ஆனால் உள்ளிருந்து அது வெளியே போகலாம். ஆகவே அதுவே மேகத்திலுள்ள கணிப்பொறியுடன் தொடர்பு கொண்டு, ‘எனக்கு வேலை உண்டா?’ என்று கேட்கிறது. நாம் எங்கிருந்து அனுப்பினாலும் நம் கோப்பு முதலில் அந்த மேகத்துக்குப் போய் வரிசையில் நிற்கும். பொறி வந்து கேட்டதும் இறங்கி வரும்.

குழு அக்கா முதல்முறை அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: “தம்பி, மேல எங்கயோ போச்சுன்னு சொல்றியே, அது திரும்பி நம்ம ரூமுக்குத்தான் வரும்னு என்ன நிச்சயம்?” மிக நல்ல கேள்வி. அதற்கு விடையாகவே பொறிக்கு ஓர் அடையாளமும், அனுப்புகிறவருக்கு ஓர் அடையாளமும், இரண்டையும் சேர்த்துப் பார்த்து அனுமதி வழங்கும் ஏற்பாடும் தேவைப்படுகின்றன.

தூரத்தால் தாமதமாகுமோ என்ற ஐயமும் எழுந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. சேலத்திலிருந்து மும்பைக்கு இழை வழியே 1,500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போய்வர 3,000 கிலோமீட்டருக்கு 0.015 வினாடியே ஆகும். கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. தாமதம் தூரத்தால் வருவதன்று; அளவால் வருகிறது. ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் படமாக்கினால் 2,480 பெருக்கல் 3,508, அதாவது ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள். கறுப்பு வெள்ளையென்றால் சுமார் 11 இலட்சம் பைட்டில் அடங்கும். வண்ணமென்றால் புள்ளிக்கு மூன்று பைட்டு வீதம் 2 கோடியே 61 இலட்சம் பைட்டு. வினாடிக்கு 10 இலட்சம் பிட்டு மேலேற்றும் இணைப்பில், சுருக்காமல் அனுப்பினால் இந்த ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் பிடிக்கும். அதே பக்கத்தை எழுத்தாகவே பி.டி.எஃப். கோப்பில் அனுப்பினால் அதில் சிறு பங்கே போதும். கடிதத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பாதீர்கள் என்று நான் அந்த அறையில் எல்லோரிடமும் மன்றாடுவது இதனால்தான்.

மிளகு மடித்த தாள்

இதுவரை கூறியது வசதி. இனிக் கூறப்போவதையே நான் இக்கட்டுரையின் முக்கியப் பகுதியாகக் கருதுகிறேன்.

அச்சுப்பொறிக்குத் தாளை அச்சிடத் தெரியுமே அன்றி யாருக்காக அச்சிடுகிறோம் என்பது தெரியாது. ஒருமுறை குழு அக்கா ஊரிலிருந்து ஒரு பட்டியலை அனுப்பினார். வங்கியில் கொடுப்பதற்காகப் பன்னிரண்டு பெண்களின் பெயர், கணக்கு எண், ஆதார் எண் எல்லாம் ஒரே பக்கத்தில். அரை மணியில் வந்து எடுத்துக்கொள்வதாக எண்ணம். மூடுபனியால் பேருந்து நேரத்துக்கு வரவில்லை. தாள் தட்டில் மல்லாந்து கிடந்தது. மிளகு மாதிரி கட்டிக் கொடுக்க வந்த ஆள், பின்பக்கம் வெறுமையாக இருக்கக் கண்டு, வீண் தாள் என்று நினைத்து அதில் மிளகை மடித்துச் சேலம் லீ பஜாருக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. அந்த அறையில் ஒருபக்கத் தாளைப் பொட்டலத்துக்கு எடுப்பது வழக்கமாகவே இருந்தது.

அக்கா வந்து தாளைத் தேடியபோது அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். “என் நம்பர் மட்டும்னா நான் கவலப்பட மாட்டேன் தம்பி. பன்னெண்டு வீட்டுக் கணக்கு. படிக்கத் தெரியாதவங்க என்னை நம்பிக் குடுத்தது” என்றார். தொலைபேசியில் சொல்லிவைத்து, மறுநாள் அந்தத் தாள் மிளகு வாசத்தோடு மடிப்பு மடிப்பாகத் திரும்பி வந்தது. இடையில் எத்தனை கை மாறியது, யார் அதைப் படம் பிடித்தார்கள் அல்லது பிடிக்கவில்லை என்பதை எவராலும் கூற இயலவில்லை.

கம்பியில் அச்சிடுகிறவன் பொறியின் பக்கத்திலேயே நிற்கிறான். மேகத்தில் அச்சிடுகிறவன் பத்து கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிறான். ஆகவே கூட்டு அலுவலகத்தில் மேக அச்சை வைக்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, அனுப்பியவுடன் அச்சிடாமல் பிடித்துவைப்பது. உரியவர் பொறியின் முன் வந்து நின்று தம் எண்ணைத் தட்டினாலோ, அட்டையைக் காட்டினாலோதான் தாள் வெளிவர வேண்டும். பெரிய அலுவலகங்களில் இதற்கென்றே மென்பொருள்கள் உள்ளன. மைக்ரோசாஃப்டின் ‘யுனிவர்சல் பிரிண்ட்’, 2021 மார்ச்சில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் பொறிமேல் ஒட்டிய கியூ.ஆர். குறியைக் கைப்பேசியால் படித்து நம் கோப்பை விடுவிக்கும் வசதி உண்டு. ஆஸ்திரேலியாவின் பேப்பர்கட் இவ்வகையில் இன்னொன்று. எங்கள் அறைக்கு அவ்வளவு பணம் ஏது? பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, ‘கப்ஸ்’ என்னும் இலவச மென்பொருளை வைத்தேன். மைக்கேல் ஸ்வீட் என்பவர் உருவாக்கி 1999 இல் வெளியிட்ட இது, இன்று லினக்ஸிலும் ஆப்பிள் கணிப்பொறிகளிலும் அச்சு வேலையை நடத்துகிறது.

அறைக்கென ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்தோம். அதற்கு வரும் கோப்பைப் பழைய கணிப்பொறி எடுத்து வரிசையில் நிறுத்தும், அச்சிடாது. உரியவர் வந்து தம் நான்கிலக்க எண்ணைத் தட்டினால்தான் விடும். எந்தெந்த முகவரியிலிருந்து வந்தால் ஏற்கலாம் என்ற பட்டியலும் உண்டு. ஆனால் அப்பட்டியலை மட்டும் நம்பலாகாது, ஏனெனில் மின்னஞ்சலில் அனுப்புநர் பெயரைப் பொய்யாக எழுதுவது தபால் உறையின் மேல் பொய்ப் பெயர் எழுதுவதைப் போலவே எளிது.

அடுத்தது, அச்சிட்ட பின் கோப்பு எங்கே போகிறது என்ற கேள்வி. அச்சிட்டால் முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். முடிவதில்லை. கப்ஸ், ஒரு கோப்பை அச்சிட்ட பிறகும் இயல்பாக 86,400 வினாடி, அதாவது ஒரு நாள் முழுவதும் வைத்திருக்கும். சிக்கினால் மீண்டும் அச்சிட உதவும் என்பதற்காக. அதை நிறுத்தும் கட்டளை உண்டு. யாரும் வந்து எடுக்காத கோப்பை இத்தனை மணி நேரத்துக்குப் பிறகு தள்ளிவிடு என்று சொல்லவும் ஒரு கட்டளை உண்டு. மின்னஞ்சல் பெட்டியிலும் ஒரு படி இருக்கும். அதை அழித்தாலும் ஜிமெயிலில் குப்பைத் தொட்டிக்குப் போய் 30 நாள் கிடக்கும். ஆக ஒரு பக்கத்துக்கு அனுப்பியவர் கைப்பேசி, அஞ்சல் பெட்டி, குப்பைத் தொட்டி, வரிசைக் கணிப்பொறி, பொறியின் நினைவகம் என்று ஐந்து நிழல்கள். ஒவ்வொன்றையும் துடைத்தால்தான் அது உண்மையில் போயிற்று என்று பொருள்.

எங்கள் மலையில் ஏற்காட்டைச் சூழ்ந்த 67 கிராமங்களிலிருந்தும் சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல் என்று ஏதேனும் ஒரு தாளுக்காக மக்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். இவை இப்போது இ-சேவை வழியே கிடைக்கின்றன. சற்றே ஆழ்ந்து பார்த்தால் இதுவும் ஒரு மேக அச்சுதான்! சான்றிதழ் அரசின் கணிப்பொறியில் இருக்கிறது. நாம் எங்கு வேண்டுமானாலும் அதை அச்சிட்டுக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். முதல் பட்டதாரிச் சான்றிதழை அச்சிட்டு வீட்டுக்கு எடுத்துப் போனபோது, தோட்டத்தில் வேலை செய்யும் என் தந்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, “சீலு எங்கடா? பச்சை இங்க்கு கையெழுத்து எங்க?” என்றார். மின்னணுக் கையொப்பமென்றும், சான்றிதழின் எண்ணைக் கொண்டு யாரும் சரிபார்க்கலாமென்றும் விளக்கினேன். “அப்ப இந்தக் காயிதம் அசலா, நகலா?” என்று கேட்டார். அசல் சென்னையில் ஏதோவொரு கணிப்பொறியில் இருக்கிறது என்று நான் சொன்னது அவருக்கு அரைமனதாகத்தான் பட்டது. மறுநாளே பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டு வந்துவிட்டார்.

அவருக்கு இருந்த அதே தயக்கம் ஆளும் இடங்களிலும் இருப்பதை 2022 இல் நாடே கண்டது. அவ்வாண்டு மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம், இணைய மையங்களிலுள்ள பொதுக் கணிப்பொறிகளில் ஆதாரைத் தரவிறக்குவதைத் தவிர்க்கும்படியும், தரவிறக்கினால் எல்லாப் படிகளையும் நிரந்தரமாக அழித்துவிடும்படியும் அறிவித்தது. இரண்டு நாளில், மே 29 அன்று, மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று கூறி மத்திய அரசு அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. திரும்பப் பெற்றாலும் அதில் சொன்ன வேலை செய்யத்தக்கதே என்பது என் எண்ணம். மின்னணு ஆதார்க் கோப்புக்கு இடும் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். நம்மை அறிந்த எவருக்கும் தெரிந்தவை. எட்டு இலக்கங்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் மறைப்பு ஆதாரை அச்சிடலாம் என்பது பலருக்குத் தெரியாமலிருக்கிறது.

மூடப்பட்ட மேகம்

மேகத்தை நம்புகிறவர்கள் ஒரு வரலாற்றை அறிந்திருப்பது நல்லது. கூகுள் கம்பெனி 2010 இல் ‘கிளவுட் பிரிண்ட்’ என்ற சேவையை அறிவித்தது. உலகெங்கும் எத்தனையோ அலுவலகங்களும் பள்ளிகளும் அதைப் பயன்படுத்தின. பத்து ஆண்டுகள் கடந்தும் அதன் பெயரோடு ‘சோதனை நிலை’ என்ற சொல் ஒட்டிக்கொண்டே இருந்தது. 2019 நவம்பரில் மூடப்போவதாகச் செய்தி வந்தது. 2020 டிசம்பர் 31 உடன் நின்றுவிட்டது. பொறி நன்றாக இருக்கிறது, கணிப்பொறி நன்றாக இருக்கிறது, நடுவிலிருந்த மேகம் மட்டும் கலைந்துவிட்டது. அந்தச் சேவையை மட்டும் நம்பி வாங்கப்பட்ட பொறிகளின் உரிமையாளர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

ஆகவே பொறி வாங்கும்போது ஐ.பி.பி. என்னும் பொது மொழி அதற்குத் தெரியுமா என்று பார்க்க வேண்டும். 1999 இல் முதன்முதலாக வெளியிடப்பட்டு, பல கம்பெனிகளும் சேர்ந்து ஒப்புக்கொண்ட நெறிமுறை அது. எந்த ஒரு கம்பெனி கடையைக் கட்டினாலும் இம்மொழி பேசும் பொறி இன்னொன்றோடு பேசிக்கொள்ளும்.

பூட்டிய பொறியால் நேர்ந்த ஒரு பழைய கதையும் உண்டு. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி லேசர் அச்சுப்பொறி ஒன்றைக் கொடுத்தது. பலர் பங்கிட்ட பொறி; வேறு மாடியில் இருந்தது; அடிக்கடி சிக்கும். முந்திய பொறியில், தாள் சிக்கினால் காத்திருப்போர் அனைவருக்கும் செய்தி போகுமாறு ரிச்சர்டு ஸ்டால்மன் மென்பொருளைத் திருத்தியிருந்தார். புதிய பொறியின் மென்பொருள் மூலத்தை அவருக்கு யாரும் தரவில்லை. அந்த எரிச்சலும் சேர்ந்தே 1983 இல் அவர் அறிவித்த கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு வித்திட்டது. இன்று நான் ஏற்காட்டில் பைசா செலவின்றி லினக்ஸ் ஏற்ற முடிகிறதென்றால், அச்சுப்பொறியில் சிக்கிய ஒரு தாளுக்கும் அதில் பங்குண்டு.

கட்டற்றது என்பதால் பத்திரமானது என்று நினைத்துவிடலாகாது. 2021 இல் விண்டோஸின் அச்சு வரிசையில் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற பெரும் ஓட்டை வெளிப்பட்டது. 2023 ஏப்ரலில் பேப்பர்கட்டில். 2024 செப்டம்பரில் கப்ஸிலேயே. மூன்றுக்கும் திருத்தங்கள் வந்தன. திருத்தத்தை ஏற்றாதவனுக்கு அவை வந்தும் பயனில்லை. மாதம் ஒருமுறை அப்பழைய கணிப்பொறிக்குத் திருத்தம் ஏற்றுவதைக் காப்பி விலைப் பலகைக்குப் பக்கத்தில் நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

மழையில் இணைப்பு அறுந்தால் என்ன செய்வது? அதற்கு யு.எஸ்.பி. கம்பி ஒன்று பொறியின் பின்னால் எப்போதும் தொங்குகிறது. நான்கு பேர் உள்ள அறைக்கு மேகம் மட்டுமே போதும் என்று யாராவது கூறினால் நான் ஒப்பமாட்டேன். கடைசித் தேதியன்று விண்ணப்பம் அச்சிட வந்து நிற்கும் பிள்ளையிடம் ‘நெட் இல்லை’ என்று சொல்ல ஓர் அச்சுப்பொறி எதற்கு?

செலவுப் பங்கீட்டில்தான் முதலில் சண்டை வந்தது. ஒரு பக்கத்தின் விலையை யாரும் கணக்கிட்டிருக்கவில்லை. 500 தாள் கட்டு 280 ரூபாய் என்றும், 2,000 பக்கம் வரும் கரிப்பொடிக் குடுவை 1,200 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், பக்கத்துக்குத் தாள் 56 காசு, பொடி 60 காசு, ஆக 1 ரூபாய் 16 காசு. ஆனால் ‘2,000 பக்கம்’ என்பது பக்கத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டுமே கறுப்பு என்ற வழக்கமான கணக்கில் சொல்வது. வீட்டறை அண்ணன் அச்சிடும் அருவிப் படத்தில் பாதிப் பக்கம் கறுப்பு. அவருக்குப் பொடி மட்டும் பத்து மடங்கு! இதைப் படம் வரைந்து காட்டிய பிறகு அவரே தம் பங்கைக் கூட்டிக்கொண்டார். யார் எத்தனை பக்கம் என்பதைக் கப்ஸ் தன் ஏட்டில் எழுதிவைக்கிறது. மாதக் கடைசியில் அதைப் பார்த்துப் பிரிக்கிறோம்.

நம் கல்லூரி மாணவர்களில் பலரும் கோப்பைக் கடைக்காரரின் வாட்ஸப் எண்ணுக்கு அனுப்பி அச்சிடுகிறோம். அனுப்பியதை இருவர் பக்கத்திலும் அழிக்க இரண்டு நாளுக்குச் சற்றே மேற்பட்ட அவகாசம்தான் உண்டு. அப்படி அழித்தாலும், கடைக் கணிப்பொறியில் ஏற்கனவே தரவிறங்கிய படி போகாது. அதை நம் கண்முன் நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நான் கேட்டபோது கடைக்காரர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

பெரிய நகலெடுக்கும் இயந்திரங்கள் பலவற்றில் வன்தட்டு ஒன்று உள்ளே இருக்கிறது. அமெரிக்காவில் 2010 இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் பழைய நகல் இயந்திரங்களை விலைக்கு வாங்கி வன்தட்டைத் திறந்து பார்த்தபோது, அஃபினிட்டி என்னும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் நோயாளிகள் விவரம் அப்படியே கிடந்தது. அந்நிறுவனம் வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்த இயந்திரங்களால் 3,44,579 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டு, 2013 இல் அது 12 இலட்சம் டாலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது.

எங்கள் ஏற்காட்டு அறைப் பொறியை வரும் கோடையில் மாற்றப்போகிறார்கள். பழையதை எடுத்துக்கொள்ள ஒருவர் ஏற்கனவே விலை பேசிவிட்டார். அதன் நினைவகத்தைத் துடைத்து, தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, வரிசைக் கணிப்பொறியின் வன்தட்டைக் கழற்றி எடுத்த பிறகே ஆளை வரச்சொல்வது என்று குழு அக்கா சொல்லிவிட்டார். வன்தட்டை என்ன செய்வதென்று இன்னும் முடிவாகவில்லை. சுத்தியல் கொண்டு வருவதாகக் கணக்குப்பிள்ளை சொல்லியிருக்கிறார்.